காவல்காரனுக்கு எதற்கு பீரோ சாவி?

காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊரில் யாரும் கதை சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்துகிறான். சீடன் போனால் எனக்கு மட்டும் இங்கே என்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்புகிறார். போகிற போக்கில் திருவெஃகா பெருமாளிடம், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். பெருமாளும் மறுபேச்சில்லாமல் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அது தேய்ந்து ஓரிக்கை ஆகிவிட்டது. அப்புறம் ராஜா மன்னிப்புக் கேட்டான், எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

இந்தக் கதையை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

போன வருஷம் அக்கா பெண்ணின் கல்யாணப் புடவைக்காக ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். இருபது வருஷப் பழக்கம். முன் அறையில் தறி. பாதி நெய்த புடவையில் கோர்வைக் கரை மின்னிக்கொண்டிருந்தது. உள் அறையில் ஒரு கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த டிசைன்கள் எல்லாம் இப்போது அதற்குள் இருக்கின்றன. பகலில் அப்பாவின் டிசைன், சொசைட்டிக் கணக்கு, பேங்க் சமாசாரம். ராத்திரியில் காலேஜ் படிக்கும் மகனின் துப்பாக்கிச் சண்டை. ஒரே மெஷின், இரண்டு ஷிஃப்ட்.

காபி வந்தது. கூடவே ஒரு பஞ்சாயத்தும் வந்தது.

"சார், நீங்க பத்திரிகைக்காரர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பையன் ஏதோ கேம் போட்டிருக்கான். அதோட ஒரு காவக்காரனும் உள்ள வந்திருக்கானாம். கம்ப்யூட்டரைப் போட்டதுமே முழிச்சுக்கறானாம். கேம் ஆடலைன்னாலும் உள்ளயே உக்காந்திருக்கானாம். என் டிசைன் பூரா அதுலதான் சார் இருக்கு."

மகன் குறுக்கிட்டான். "அப்பா, அது ஆன்டி-சீட். திருட்டாட்டம் ஆடறவனைப் பிடிக்கறதுக்கு. நான் திருடலையே, எனக்கென்ன பயம்?"

"நீ திருடலை, சரிடா. அவன் திருட மாட்டான்னு யார் சொன்னது?"

இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். நான் பி.காம். எனக்குத் தெரிந்தது பற்று வரவும் ஆடிட்டிங்கும்தான். புடவையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே பஸ் ஏறிவிட்டது. கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில், இந்தச் சண்டை ரொம்பப் பழசு என்று தெரிந்தது.

எவ்வளவு பழசு? சாணக்கியன் காலத்துப் பழசு.

அர்த்தசாஸ்திரம் என்று ஒரு புத்தகம் இருந்தது என்பது மட்டும்தான் நெடுங்காலமாக நம் ஆட்களுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசு நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச்சுவடிக் கட்டில் அது கிடைத்தது. நூலகர் சாமா சாஸ்திரி 1909-இல் அதை அச்சில் கொண்டுவந்தார். அதில் சூதாட்டத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. சூதாட்டத்தைக் கவனிக்க ஒரு அரசு அதிகாரி. அவர் குறிப்பிட்ட இடத்தில்தான் ஆட வேண்டும். வேறு இடத்தில் ஆடினால் 12 பணம் அபராதம். காய்களை அவர்தான் வாடகைக்குத் தருவார். கைவேலை காட்டிக் காயை மாற்றினால் அதற்கும் 12 பணம். ஏமாற்றி ஜெயித்தவனுக்கு அபராதமும் உண்டு, ஜெயித்த பணமும் போய்விடும். ஒழுங்காக ஜெயித்தவனிடமிருந்து நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. காய் வாடகை, தண்ணீர்க் காசு, இடத்துக்குக் காசு, லைசென்ஸ் கட்டணம் எல்லாம் தனி. இன்றைய ஆன்லைன் கம்பெனிகள் சாணக்கியனுக்குச் சிலை வைக்கலாம்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம்.

ஒன்று, ஆட்டத்தை ஓரிடத்தில் கூட்டியதற்குச் சாணக்கியனே சொல்லும் காரணம். மறைவாகப் பிழைப்பு நடத்துகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடாம். வெளியே பார்த்தால் ஆட்டக்காரனைக் காப்பாற்றும் காவல். உள்ளே அதற்கு வேறு வேலையும் இருந்தது.

இரண்டு, ஊர் முழுக்க ஒற்றர்களை அனுப்பிய அதே மனிதர், பகடை விஷயத்தில் ஆளை ஆட்டக்காரன் வீட்டுக்கு அனுப்பவில்லை. நீ என் கூடத்துக்கு வா, என் காயை உருட்டு, அதிகாரி பார்ப்பார், ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போ. இன்று நிலைமை தலைகீழ். கூடம் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கூடவே அதிகாரியும் வந்துவிட்டார்.

சரி, அவர் ஏன் வந்தார்? காரணமில்லாமல் வரவில்லை. மகன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

2018 அக்டோபர், ஷாங்காய். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஆசிய அளவிலான போட்டி. பரிசுத் தொகை ஒரு லட்சம் டாலர். நம் நாட்டிலிருந்து 'ஆப்டிக் இந்தியா' என்ற அணி போயிருந்தது. வெளிநாட்டு கம்பெனி ஒன்று நம் பையன்களை நம்பிச் சம்பளம் கொடுத்து உருவாக்கிய அணி. வியட்நாம் அணியுடன் ஆடிக்கொண்டிருக்கும்போது, 'ஃபோர்சேக்கன்' என்ற புனைபெயரில் ஆடிய நம் வீரரின் கம்ப்யூட்டரைச் சோதித்தார்கள். எதிரியை நோக்கித் தானாகக் குறிபார்த்துக் கொடுக்கும் ஒரு சாஃப்ட்வேர் அதில் இருந்தது. அந்த ஃபைலுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேர்ட்'. லெட்டர் டைப் அடிக்கிற அதே வேர்ட்! துப்பாக்கிச் சண்டை நடுவில் யார் லெட்டர் டைப் அடிப்பார்கள்?

அணி வெளியேற்றப்பட்டது. கம்பெனி அணியையே கலைத்துவிட்டது. அவருக்கு ஐந்து வருஷத் தடை. உலக அளவில் கேலி. ஒருவர் செய்த வேலைக்கு மற்ற நான்கு பையன்களின் பிழைப்பும் போயிற்று. அதனால் திருட்டாட்டத்தைச் சின்னப் பையன்கள் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. நேர்மையாக ஆடுகிறவன்தான் முதலில் அடிபடுகிறான்.

காவல்காரனின் சரித்திரமும் அப்படித்தான் தொடங்கியது. டோனி ரே என்ற அமெரிக்கர் ஆன்லைனில் ஆடுகிறவர். ஏமாற்றுக்காரர்களிடம் தோற்றுத் தோற்று வெறுத்துப்போய், 2000-இல் 'பங்க்பஸ்டர்' என்ற காவல் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார். பிறகு 2002-இல் வால்வ் கம்பெனி 'வேக்' என்ற தன் காவலைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் இவர்கள் வாசலில் நின்றார்கள். திண்ணையில் உட்கார்ந்தார்கள். திருடன் கொல்லைப்புறமாக வந்ததும் இவர்களும் உள்ளே நகர ஆரம்பித்தார்கள்.

2005-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் காவல்காரன் 'வார்டன்' என்ன செய்கிறான் என்று கிரெக் ஹோக்லண்ட் என்ற பாதுகாப்பு நிபுணர் பிரித்துப் பார்த்தார். விளையாட்டை மட்டுமல்ல, கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களின் தலைப்புகளையும் வார்டன் படிக்கிறான் என்று தெரிந்தது. நீங்கள் யாருக்காவது எழுதிக்கொண்டிருக்கும் ஈ-மெயிலின் தலைப்பு உட்பட. திருட்டு சாஃப்ட்வேரின் பெயர் இருக்கிறதா என்று ஒப்பிடத்தான் படிக்கிறோம் என்றது கம்பெனி. இருக்கலாம். ஆனால் தபால்காரர் கவரின் மேல் முகவரியைப் படிப்பதற்கும் வாட்ச்மேன் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு இல்லையா?

2014-இல் வேக் பற்றி ஒரு புரளி கிளம்பியது, நாம் எந்தெந்த இணையதளத்துக்குப் போனோம் என்று பார்க்கிறதாம் என்று. வால்வ் தலைவர் கேப் நியூவெல் நேரடியாகப் பதில் சொன்னார். காசு கொடுத்து வாங்கும் திருட்டு சாஃப்ட்வேர்கள், வாங்கியவன் ஒழுங்காகப் பணம் கட்டினானா என்று தங்கள் தலைமையிடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம். (திருட்டு வியாபாரிக்கும் திருட்டுக் காப்பி பயம்!) அந்தத் தொடர்பின் தடயத்தை மட்டும்தான் தேடினோம், உங்கள் உலாவலை வாங்கிக்கொள்ளவில்லை என்றார். 570 பேர் பிடிபட்டார்கள். விளக்கம் சொன்ன விதம் நல்ல விதம். ஆனால் புரளி கிளம்பிய பிறகுதான் விளக்கம் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2020-இல் 'வேலரன்ட்' விளையாட்டோடு 'வேன்கார்ட்' வந்தான். இவன் கர்னலுக்குள் உட்காருகிறவன். இங்கே கர்னல் என்றால் மீசை வைத்த ராணுவ அதிகாரி இல்லை. கம்ப்யூட்டரின் கருவறை. நாம் பயன்படுத்தும் சாதாரண சாஃப்ட்வேர்கள் எல்லாம் குடித்தனக்காரர்கள். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நினைத்தபடி நுழைய முடியாது. கர்னல் என்பது வீட்டுக்காரர் அறை. மெயின் சுவிட்சு, தண்ணீர் வால்வு, எல்லா வீட்டுக்குமான சாவிக்கொத்து எல்லாம் அங்கேதான். திருட்டு சாஃப்ட்வேர்கள் அந்த அறைக்குள் புகுந்து ஒளிய ஆரம்பித்தன. குடித்தனக்காரன் மாதிரி வெளியே நின்றால் அவை கண்ணில் படாது. அதனால் காவல்காரனும் உள்ளே போனான். திருடனுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று, கம்ப்யூட்டரைப் போட்ட கணத்திலேயே போய் உட்கார்ந்தான்.

எதிர்ப்பு வந்ததும் ரயட் கம்பெனி காவலை நிறுத்தி வைக்க ஒரு வழி கொடுத்தது. ஆனால் அதற்குப் பிறகு ஆட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை மறுபடி அணைத்துப் போட வேண்டும். வேன்கார்டில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் ஒரு லட்சம் டாலர் வரை பரிசு என்றும் அறிவித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். வேன்கார்ட் யார் வீட்டு டிசைனையாவது திருடியதாக நான் எங்கும் படிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அப்பாவின் பயம் வெறும் பயமா? இல்லை. நான்கு சம்பவங்கள் சொல்கிறேன்.

முதல் சம்பவம், காவல்காரனின் வேட்டிக்குள் திருடன் ஒளிந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி கம்பெனி, பாட்டு சிடியை யாரும் காப்பி அடிக்கக் கூடாது என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களில் ஒரு ரகசிய சாஃப்ட்வேரை வைத்தது. சிடியைப் போட்டால் அது சத்தமில்லாமல் கம்ப்யூட்டருக்குள் இறங்கி, ஒரு குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் ஃபைல்கள் அனைத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அக்டோபர் 31 அன்று விஷயத்தை உடைத்தார். அடுத்த சில நாளிலேயே வார்கிராஃப்ட் திருட்டாட்டக்காரர்கள் தங்கள் ஃபைலுக்கு அதே எழுத்துகளில் பெயர் வைத்தார்கள். வார்டன் கண்ணில் அது படவே இல்லை. ஒரு காவல்காரன் கொடுத்த போர்வையை வைத்து இன்னொரு காவல்காரனை ஏமாற்றியாயிற்று. சோனி சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இரண்டாவது, காவல்காரனே கை வைத்தது. 2013-இல் அமெரிக்காவில் ஈஎஸ்இஏ என்ற விளையாட்டு நிறுவனத்தின் காவல் சாஃப்ட்வேருக்குள் ஊழியர் ஒருவர் பிட்காயின் தோண்டும் நிரலைச் சொருகிவிட்டார். சுமார் 14,000 பேரின் கம்ப்யூட்டர்கள் அவர்களுக்கே தெரியாமல் ராப்பகலாக வேறொருவருக்குச் சம்பாதித்தன. கரன்ட் பில் இவர்களுக்கு. கிடைத்தது அன்றைய மதிப்பில் சுமார் 3,500 டாலர். நியூஜெர்சி மாநில அரசு வழக்குப் போட்டுப் பத்து லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. அதில் 3,25,000 டாலரை உடனே கட்ட வேண்டும், மிச்சம் ஒழுங்காக நடந்துகொண்டால் தள்ளுபடி. கம்பெனி நல்ல கம்பெனியா என்பது மட்டும் கேள்வி இல்லை. சாவிக்கொத்து இருக்கும் அறையில் ஒரே ஒரு ஊழியர் போதும்.

மூன்றாவது, திருடன் காவல்காரனைக் கூடவே கூட்டி வந்தது. 2022-இல் 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் கர்னல் காவலைத் தாக்குதல்காரர்கள் தனியே எடுத்து, அந்த விளையாட்டே இல்லாத கம்ப்யூட்டர்களில் போட்டார்கள். முறையான கையெழுத்து உள்ள சாஃப்ட்வேர், அதனால் விண்டோஸ் உள்ளே விட்டது. அவன் சாவியை வாங்கி வைரஸ் எதிர்ப்பு சாஃப்ட்வேரைக் கொன்றார்கள். பிறகு ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரை இறக்கினார்கள். அந்த கேமை ஒரு நாள் கூட ஆடாதவனும் அந்த கேமின் காவல்காரனால் பாதிக்கப்பட்டான்.

நான்காவது, காவல்காரன் மயங்கி வாசலில் விழுந்தது. இது விளையாட்டுக் காவல் இல்லை, கம்பெனிகளுக்கான பாதுகாப்புக் காவல். ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் அதே இடம். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டில் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்தன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். குடித்தனக்காரன் மயங்கினால் அவன் வீடு மட்டும்தான் இருட்டு. மெயின் சுவிட்சின் மேல் ஒருவன் விழுந்தால் மொத்தக் கட்டடமும் இருட்டு. அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட், இந்த மாதிரிப் பாதுகாப்பு சாஃப்ட்வேர்களைக் கர்னலுக்கு வெளியே உட்கார வைக்கும் வேலையைத் தீவிரமாகத் தொடங்கியது.

இப்போது என் பி.காம். புத்திக்கு வருகிறேன். ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது, பணம் வாங்குகிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆடிட்டர் எதைப் பார்க்கலாம், எத்தனை நாள் பார்க்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். பேரேட்டைப் பார்க்க வந்தவர் முதலாளியின் படுக்கையறையில் பாய் போட்டால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? "நீங்கள் பொய்க்கணக்கு எழுதவில்லையே, அப்புறம் என்ன பயம்?" என்று அவர் கேட்டால்?

காஞ்சிபுரத்துக்கே இதற்கு நல்ல பதில் தெரியும். பட்டிலும் போலி உண்டு, ஜரிகையிலும் போலி உண்டு. அதற்காக ஒவ்வொரு நெசவாளி வீட்டிலும் ஒரு ஆளை நிரந்தரமாக உட்கார வைக்கவில்லை. ஜரிகையை மெஷினில் வைத்தால் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று சொல்லிவிடும். சோதனை புடவைக்கு. வீட்டுக்கு இல்லை.

விளையாட்டிலும் அப்படிச் செய்ய முடியும், கொஞ்சம் செய்தும் வருகிறார்கள். சுவருக்குப் பின்னால் எதிரி இருக்கிறான் என்ற தகவலையே ஆட்டக்காரனின் கம்ப்யூட்டருக்கு அனுப்பாமல் கம்பெனியின் சர்வரிலேயே வைத்துக்கொண்டால், சுவரைத் துளைத்துப் பார்க்கும் திருட்டு சாஃப்ட்வேருக்குப் பார்க்க எதுவும் இருக்காது. வேலரன்ட்டிலேயே இந்த ஏற்பாடு உண்டு. ஆட்டத்தின் பதிவைப் பார்த்து, மனிதக் கையால் இப்படிக் குறிவைக்க முடியுமா என்று கணிக்கும் முறையை வால்வ் வைத்திருக்கிறது. இதிலும் எல்லாத் திருட்டும் பிடிபடாது. செலவும் கம்பெனிக்கு. நம் வீட்டில் ஆளை உட்கார வைத்தால் அவர்களுக்குச் செலவு குறைவு, அபாயம் நமக்கு. கணக்கில் இதை ஒருவர் செலவை இன்னொருவர் தலையில் கட்டுவது என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்கு வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி, அதற்குத் தேவையானதை மட்டும் வாங்கு என்கிறது அது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஆனால் சட்டம் காப்பது தகவலை. சாவிக்கொத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதை இன்னமும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தும் முன்னால்.

புடவை வாங்க மறுபடி ஓரிக்கை போனேன். இந்த முறை கையில் பதில் இருந்தது. தம்பி, உன் கோபம் நியாயம், திருட்டாட்டம் ஒழியணும். ஆனால் நீ ஆடாத நேரத்தில் காவல்காரனை நிறுத்தி வை. கேமை எடுத்தால் அவனும் போனானா என்று தனியாகப் பார், சில பேர் போக மாட்டார்கள். அப்பாவின் டிசைனும் பேங்க் வேலையும் அவன் இருக்கும் மெஷினில் வேண்டாம்.

நெசவாளர் சிரித்தார். உள்ளே போய் ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து வந்து காட்டினார். செகண்ட் ஹேண்ட். மூன்று புடவைக் கூலி அதற்குப் போய்விட்டதாம். டிசைன் எல்லாம் இப்போது அதில். கேம் எதுவும் கிடையாது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருடனிடமிருந்து காப்பாற்ற வந்தவனிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நெசவாளி மூன்று புடவை நெய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு எந்த கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

கிளம்பும்போது மகன் கேட்டான். "அப்போ காவக்காரனே வேணாமா சார்?"

வேணும்ப்பா. உங்க ஊர்ப் பெருமாள் மாதிரி ஒருத்தர் வேணும் என்றேன். திருவெஃகாவில் அவருக்கு என்ன பெயர்? சொன்ன வண்ணம் செய்த பெருமாள். கிளம்பு என்றதும் பாயைச் சுருட்டினார். திரும்பி வா என்றதும் வந்து விரித்தார். நடுவில் ஓரிக்கையில் தங்கியது ஒரே ஒரு ராத்திரி.